நாற்பது சதவீதத்துக்குக் கீழே

திருவள்ளூர் மாவட்டத் தலைநகர் சென்னையிலிருந்து மேற்கே போகும் அரக்கோணம் ரயில் பாதையில் இருக்கிறது. கும்மிடிப்பூண்டி வடக்கே போகும் கூடூர் பாதையில். மாவட்டம் ஒன்றுதான். ஆனால் ஓர் ஊரிலிருந்து மற்றதற்கு ரயிலில் போக வேண்டுமானால் சென்னைக்குள் வந்து வண்டி மாறித்தான் போயாக வேண்டும். சாலை வழியே போனால் ஏறக்குறைய 50 கி.மீ. ஏதோ ஒரு சான்றிதழுக்காக வருஷத்துக்கு ஒருமுறை போகிறவருக்கு இது ஒருநாள் அலைச்சலோடு போகும். மூன்று வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாரம் இரண்டு தடவை, ஆறேழு மாதம் விடாமல் போக வேண்டிய ஒரு தாய்க்கு அப்படிப் போகாது.

இங்கே பேச எடுத்துக்கொண்டது கடுமையான குறைபாடுள்ள குழந்தைகளைப் பற்றி அல்ல. இரண்டரை வயதாகியும் ‘அம்மா’, ‘தா’, ‘போ’ என்று நான்கைந்து சொல்லோடு நிற்கிற பிள்ளை, ஒன்றரை வயது தாண்டித்தான் தனியாக நடந்த பிள்ளை, கூப்பிட்டால் ஒரு சமயம் திரும்பி ஒரு சமயம் திரும்பாத பிள்ளை ஆகியோரைப் பற்றி. இவர்கள் நன்றாகச் சாப்பிடுவார்கள், சிரிப்பார்கள், பாட்டுப் போட்டால் ஆடுவார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு குறையும் தெரியாது. மருத்துவர் மட்டும் சீட்டில் ‘மைல்டு டிலே’ என்று எழுதி, தெரபி கொடுக்கச் சொல்வார். எங்கே கொடுப்பது, எத்தனை மாதம், யார் கூட்டிக்கொண்டு போவது என்பதெல்லாம் சீட்டில் இருக்காது.

இப்படிப்பட்ட குழந்தைகள் எத்தனை பேர் என்று கேட்டால் ஓரளவுக்கு விடை உண்டு. 2018இல் ‘பிளாஸ் மெடிசின்’ இதழில் வந்த இன்க்லென் என்ற அமைப்பின் ஆய்வு, இந்தியாவில் பல்வல், காங்ரா, தேன்கனால், வட கோவா, ஹைதராபாத் ஆகிய ஐந்து இடங்களில் 2 முதல் 9 வயது வரையிலான குழந்தைகளைப் பரிசோதித்தது. பார்வை, செவித்திறன், பேச்சு, அறிவு வளர்ச்சி, வலிப்பு, ஆட்டிசம் என்று நரம்பு வளர்ச்சி சார்ந்த குறைகளில் ஏதேனும் ஒன்றாவது இருந்தவர்கள் ஆறு வயதுக்குக் கீழே 2.9 முதல் 18.7 சதவீதம் வரை. ஆறுக்கு மேலே 6.5 முதல் 18.5 வரை. தமிழ்நாடு அந்த ஐந்தில் இல்லை. இருந்தாலும், இடத்துக்கு இடம் எண்ணிக்கை ஆறு மடங்குக்கு மேல் மாறுகிறது என்பதே ஒரு செய்தி. பிள்ளை எந்த ஊரில் பிறந்து வளர்கிறது என்பதும் கணக்கில் வருகிறது.

தாமதத்தை முதலில் கவனிப்பவர் பெரும்பாலும் தாய். அதைத் தள்ளிப்போடுவது வீடு. ‘அவங்கப்பனே நாலு வயசுலதான் பேசினான்’, ‘ஆம்பளப் புள்ள மெதுவாத்தான் பேசும்’ என்று மாமியார் சொல்வார். வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவுவார்கள். இதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. இரண்டு வயதில் பேச்சு மட்டும் பின்தங்கிய குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் பள்ளி வயதுக்குள் தாமாகவே எட்டிப் பிடித்துவிடுகிறார்கள் என்றுதான் ஆய்வுகளும் சொல்கின்றன. அந்த வகையில் மாமியார் சொல்வதில் பாதிக்கு மேல் உண்மை. சிக்கல் என்னவென்றால், எந்தப் பிள்ளை எட்டிப் பிடிக்கும், எது பிடிக்காது என்பதை இரண்டு வயதில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. சில தடயங்கள் மட்டும் உண்டு. பேச்சு வராவிட்டாலும் வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறதா? ‘அப்பா செருப்ப எடுத்துட்டு வா’ என்றால் போய் எடுக்கிறதா? நாம் பார்க்கும் பக்கம் தானும் பார்க்கிறதா? இவை இருந்தால் கொஞ்சம் பொறுக்கலாம். இவையும் இல்லையென்றால் பொறுப்பது தவறு.

எதில் பொறுத்தாலும் காதுப் பரிசோதனையில் பொறுக்கவே கூடாது. ‘கதவு சாத்துனா திரும்புறான், காது நல்லாத்தான் கேக்குது’ என்று வீட்டில் சொல்வார்கள். கதவு சாத்தும் ஓசை கனமானது. ‘ச’, ‘ஷ’, ‘ஸ’ போன்ற ஒலிகள் மெல்லியவை, அதிர்வெண் கூடியவை. முன்னது கேட்டுப் பின்னது கேட்காத பிள்ளைக்கு உலகம் ஓசையாகத்தான் இருக்கும், சொல்லாக இருக்காது. நடுக்காதில் நீர் கோத்துக்கொண்டால் ஒரு வாரம் கேட்கும், ஒரு வாரம் மங்கும். குழந்தை தூங்கும்போதே எடுக்கக்கூடிய ‘பெரா’ பரிசோதனை இதைக் காட்டிக் கொடுத்துவிடும். கும்மிடிப்பூண்டி, பொன்னேரிப் பக்கத்துக் குடும்பங்களுக்கு இதற்கு ரயில் பாதையிலேயே கைக்கெட்டும் பெரிய அரசு மருத்துவமனை வடசென்னையின் ஸ்டான்லி. பேச்சுத் தாமதம் என்று வரும் எந்தக் குழந்தைக்கும் தெரபியைத் தொடங்குவதற்கு முன் காதைப் பார்க்க வேண்டும் என்பது உலகெங்கும் ஒப்புக்கொண்ட முறை. அதைக் கேட்காமலே முன்பணம் வாங்கும் தெரபி நிலையத்தைப் பெற்றோர் சந்தேகப்பட வேண்டும்.

அரசின் கண்ணில் இந்தக் குழந்தை எங்கே நழுவுகிறது? தடுப்பூசி அட்டவணையை எடுத்துப் பார்க்கலாம். ஆறு, பத்து, பதினான்கு வாரங்களில் ஊசி, ஒன்பது மாதத்தில் ஊசி, பிறகு 16 முதல் 24 மாதத்துக்குள் ஒன்று. அதற்கடுத்த ஊசி ஐந்து வயதில்தான். அதாவது பேச்சுத் தாமதம் துலக்கமாகத் தெரியத் தொடங்கும் காலத்தில்தான் தாயும் செவிலியரும் ஊசிக்காக நேருக்கு நேர் சந்திப்பது நின்றுபோகிறது. அந்த மூன்றாண்டு இடைவெளியை நிரப்ப வேண்டியது அங்கன்வாடி. அங்கே வருஷத்துக்கு இரண்டு முறை வர வேண்டியது ஆர்.பி.எஸ்.கே. நடமாடும் குழு.

ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்திய காரியக்ரம் என்ற அந்தத் திட்டம் 2013 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் பால்கரில் தொடங்கியது. பிறவிக் குறைகள், சத்துக் குறைவு, நோய்கள், வளர்ச்சித் தாமதம் என்று நான்கு வகையில் 30 நிலைகளைப் பிறப்பு முதல் 18 வயது வரை தேடுவது அதன் வேலை. கண்டுபிடித்த குழந்தையை மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்ப வேண்டும். குழந்தை மருத்துவர், இயன்முறை மருத்துவர், செவித்திறன் மற்றும் பேச்சு வல்லுநர், உளவியலாளர், சிறப்புக் கல்வியாளர் எல்லாரும் ஒரே கூரையின்கீழ் இருக்க வேண்டும் என்பது அதன் வடிவம். காகிதத்தில் இதைவிடச் சிறப்பான அமைப்பைக் கற்பனை செய்வது கடினம். மாவட்ட மருத்துவமனையோடு சேர்ந்தே அதை யோசித்தார்கள். முதலில் சொன்ன அந்த இரண்டு ரயில் பாதைகளின் கதை இங்கேதான் வந்து முட்டுகிறது.

கண்டுபிடிக்கும் கருவியையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். நம் நாட்டில் பரவலாகப் பயன்படுவது திருவனந்தபுரம் வளர்ச்சிக் கண்டறிதல் அட்டை. அங்குள்ள குழந்தை வளர்ச்சி மையத்தின் எம்.கே.சி. நாயரும் சக மருத்துவர்களும் உருவாக்கி 1991இல் வெளியிட்டது. ஒரே ஒரு பக்கம். இடமிருந்து வலமாக மாதங்கள். கீழிருந்து மேலாக 17 செயல்கள். ஒவ்வொரு செயலுக்கும் ஒரு பட்டை. குழந்தையின் வயது மாதத்தில் ஒரு பென்சிலை நிமிர்த்தி வைக்க வேண்டும். பென்சிலுக்கு இடப்பக்கமே முடிந்துவிட்ட பட்டை எதையாவது குழந்தை இன்னும் செய்யவில்லை என்றால் தாமதம். முகம் பார்த்துச் சிரிப்பது, தலை நிற்பது, குப்புற விழுவது, ஒரு கையிலிருந்து மறு கைக்குப் பொருளை மாற்றுவது, கை தட்டுவது, தனியே நடப்பது, பின்னால் நடப்பது என்று போகும். அங்கன்வாடி ஊழியர் சில நிமிடங்களில் பார்த்து முடிக்கலாம். அருமையான சிக்கனம்.

ஆனால் அந்த 17இல் பேச்சைத் தொடுபவை இரண்டு சொல் சொல்வதும், பொம்மையின் உறுப்புகளைக் காட்டுவதும்தான். அட்டையும் 24 மாதத்தோடு முடிகிறது. கை கால் வளர்ச்சி சரியாக இருந்து மொழியில் மட்டும் லேசாகப் பின்தங்கிய பிள்ளை இதில் தேறிவிடும். இந்தக் குறையை அதே மையம் உணர்ந்துதான் பின்னாளில் மொழிக்கென்று தனி அளவுகோலையும், ஆறு வயதுவரை நீளும் அட்டையையும் கொண்டுவந்தது. மத்திய அரசும் 2023 நவம்பரில் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான அங்கன்வாடி நெறிமுறை ஒன்றையும், 2024இல் மூன்று வயதுக்குட்பட்டோருக்கான ‘நவசேதனா’ கையேட்டையும் வெளியிட்டிருக்கிறது. கையேடுகளுக்கு இனிப் பஞ்சமில்லை. கிளறிக்கொண்டிருக்கும் சாம்பார் சாதத்துக்கும் போனில் ஏற்ற வேண்டிய பதிவுகளுக்கும் நடுவே ஒரு டீச்சர் எத்தனை பிள்ளைகளோடு உட்கார்ந்து பேச முடியும் என்பதுதான் கேள்வி.

கும்மிடிப்பூண்டியில் இதற்கு இன்னொரு முடிச்சும் உண்டு. ஆந்திர எல்லை கூப்பிடு தூரம். பல வீடுகளில் தெலுங்கு, தெருவில் தமிழ். சிப்காட் தொழிற்பேட்டையின் உருக்காலைகளையும் ரோலிங் மில்களையும் நம்பி பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள் குடும்பத்தோடு தங்கும் லைன் வீடுகளில் போஜ்புரியும் ஒடியாவும். அந்த வீட்டுப் பிள்ளை அங்கன்வாடிக்கு வந்தால் பேசாமல் உட்கார்ந்திருக்கும். தமிழ் தெரியாததால் பேசவில்லையா, எந்த மொழியுமே வராததால் பேசவில்லையா? தமிழில் மட்டும் சோதித்தால் இரண்டு விதத்திலும் தவறலாம். பேசக்கூடிய பிள்ளைக்குத் தாமதம் என்று முத்திரை விழும். தாமதமுள்ள பிள்ளையை ‘மொழி புரியல, போகப் போகச் சரியாயிடும்’ என்று விட்டுவிடுவார்கள். தாய்மொழியில் தாயிடம் கேட்காமல் இதற்குத் தீர்வு கிடையாது. போனில் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்தால்கூடப் போதும்.

இதோடு ஒட்டி ஒரு தவறான அறிவுரையும் புழக்கத்தில் இருக்கிறது: ‘வீட்டுல ரெண்டு மொழி பேசாதீங்க, குழந்தை குழம்பிடும்.’ இரு மொழிச் சூழல் பேச்சுத் தாமதத்தை உண்டாக்குகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. மாறாக, தெலுங்கில் கொஞ்சிப் பழகிய அம்மாவை அரைகுறைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ பேச வைத்தால், பிள்ளைக்குக் கிடைக்கும் பேச்சின் அளவும் தரமும் குறையும். தாமதமுள்ள பிள்ளைக்கு அதுதான் உண்மையான நஷ்டம்.

சரி, கண்டுபிடித்தாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து வரும் சுவர் சட்டத்தில் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. சலுகைகள் பெரும்பாலும் 40 சதவீதத்திலிருந்து தொடங்குகின்றன. அறிவு வளர்ச்சிக் குறைபாட்டை மதிப்பிடும் 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, 55 முதல் 69 வரை மதிப்பெண் பெற்றால் 50 சதவீதம். 70 முதல் 84 வரை பெற்றால் 25 சதவீதம். அதாவது 69 எடுத்த பிள்ளை கோட்டுக்கு மேலே, 70 எடுத்த பிள்ளை கோட்டுக்குக் கீழே. முதல் பிள்ளைக்குத் தமிழ்நாட்டில் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு வழியிருக்கிறது. இரண்டாவது பிள்ளைக்கு ரயில் கட்டணச் சலுகைகூடக் கிடையாது.

உதவித்தொகைக்கு ஏதோ ஒரு கோடு போட்டுத்தான் ஆக வேண்டும். அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் தெரபிக்கும் போக்குவரத்துச் செலவுக்கும் அதே கோட்டைப் போடுவது தலைகீழான கணக்கு. லேசான தாமதமுள்ள பிள்ளைக்குத்தான் குறைந்த காலப் பயிற்சியில் சக வயதுப் பிள்ளைகளோடு சேர்ந்துகொள்ளும் வாய்ப்பு அதிகம். பலன் கூடுதலாகக் கிடைக்கும் இடத்தில் செலவு முழுவதையும் குடும்பத்தின் தலையில் கட்டுகிறோம். அதோடு, ‘சான்றிதழ் வாங்கினால்தான் உதவி’ என்ற நிலை, பிள்ளைக்கு ‘ஊனம்’ என்ற பெயர் வந்துவிடுமோ என்று அஞ்சும் பெற்றோரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறது.

தெரபி என்றால் என்ன நடக்கிறது என்பதையும் பார்க்கலாம். முக்கால் மணி நேரம், வாரம் இரண்டு முறை. மொத்தம் ஒன்றரை மணி. ஒரு குழந்தை நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் விழித்திருந்தால் வாரத்துக்கு 84 மணி. மீதி 82 சொச்சம் மணி நேரம் வீட்டில்தான் கழிகிறது. தெரபிஸ்ட் அறைக்குள் பிள்ளையை அழைத்துப் போய்க் கதவைச் சாத்திவிட்டு, அம்மா வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருந்தால், அந்த 82 மணி நேரம் பயனில்லாமல் போகும்.

அந்தப் பயிற்சியையே அம்மாவின் கையில் கொடுத்தால் எப்படி இருக்கும்? பிள்ளைக்குப் பிடித்த பிஸ்கட்டை ஒரு டப்பாவில் போட்டு மூடியை இறுக்கிக் கொடுப்பார்கள். பிள்ளை முயன்று பார்க்கும், முடியாது. டப்பாவைத் தூக்கிக்கொண்டு அம்மாவிடம் வரும். அம்மா உடனே திறக்கக் கூடாது. பிள்ளையின் கண்மட்டத்துக்குக் குனிந்து உட்கார்ந்து, மனதுக்குள் ஐந்து எண்ண வேண்டும். அந்த ஐந்து எண்ணிக்கைதான் பாடத்தின் கடினமான பகுதி. நமக்குக் கை பரபரக்கும். பிள்ளை நிமிர்ந்து பார்த்தாலோ, ‘தெ’ என்று ஒரு சத்தம் எழுப்பினாலோ, அம்மா ‘தெற’ என்று தெளிவாகச் சொல்லிக்கொண்டே திறப்பார். ஒரு பிஸ்கட். மறுபடி மூடி. நாளைக்கு இதையே சட்டை மாட்டும்போது, குழாயைத் திறக்கும்போது, கேட்டைத் தாண்டும்போது. தனி நேரம் ஒதுக்க வேண்டியதில்லை, பொம்மை வாங்க வேண்டியதில்லை. ஆனால் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து, அம்மா செய்வதைப் பார்த்து, திருத்திச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அதை ஒரு வீடியோ மட்டும் செய்துவிடாது.

இது ஏழைகளுக்கான மட்டமான மாற்று ஏற்பாடு என்று நினைக்க வேண்டாம். கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பெற்றோருக்கு, சிறப்புப் பட்டம் இல்லாத பயிற்சி பெற்ற ஊழியர்களே வீட்டுக்குப் போய்ப் பழக்கிய ஓர் ஆய்வு 2016இல் ‘லான்செட் சைக்கியாட்ரி’யில் வெளியானது. பெற்றோர் குழந்தைக்கு ஈடுகொடுத்துப் பழகும் விதமும், குழந்தை தானாகத் தொடர்பைத் தொடங்குவதும் கூடியிருந்தன. ஜமைக்காவின் கிங்ஸ்டனில் 1980களில் சாலி கிரந்தம்-மெக்ரெகர் நடத்திய ஆய்வு இன்னும் பழையது. சத்துக் குறைவால் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளில் ஒரு பகுதியினரின் வீடுகளுக்கு, உள்ளூர் ஊழியர்கள் வாரம் ஒரு மணி நேரம், இரண்டு ஆண்டு சென்று தாய்க்கு விளையாட்டுச் சொல்லிக் கொடுத்தார்கள். இருபது ஆண்டு கழித்துப் பார்த்தபோது அவர்களின் வருமானம் மற்றவர்களைவிட 25 சதவீதம் கூடுதல்.

நம் மாநிலத்திலேயே தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் இந்தப் பாதையில் நெடுந்தூரம் போயிருக்கிறது. கிராமத்துப் பெண்களைச் சமூக மறுவாழ்வுப் பணியாளர்களாகப் பழக்கி, அவர்கள் குழந்தையின் வீட்டிலேயே பயிற்சி கொடுக்க, தெரபிஸ்டுகள் மேற்பார்வை செய்ய, ஒவ்வொரு குழந்தையின் முன்னேற்றமும் செயலியில் பதிவாக வேண்டும் என்பது அவர்கள் முறை. ஆய்க்குடியில் முடிந்தது கும்மிடிப்பூண்டிப் பக்கத்து ஆரம்பாக்கத்தில் முடியாமல் போக ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

தனியார் தெரபி நிலையங்களைப் பற்றி ஒரு வார்த்தை. சென்னைப் புறநகரில் இவை தெருவுக்குத் தெரு முளைத்துவிட்டன. நல்லவை உண்டு. மூன்று மாதப் பேக்கேஜ், பேச்சு, ஓ.டி. எனப்படும் தொழில்வழிச் சிகிச்சை, ‘பிரெயின் ஜிம்’ எல்லாம் சேர்த்து என்று விற்பவையும் உண்டு. பேச்சு வல்லுநரும் சிறப்புக் கல்வியாளரும் 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பது பெற்றோரின் உரிமை. மூன்று மாதத்தில் என்ன மாற வேண்டும் என்று எழுத்தில் இலக்கு தர மறுக்கும் நிலையத்தில் பணம் கட்டுவது வீண்.

சிப்காட் தொழிலாளியின் நேரக் கணக்கு வேறு. காலை ஷிஃப்ட் ஆறு மணிக்கு, அடுத்தது இரண்டு மணிக்கு, இரவு ஷிஃப்ட் பத்து மணிக்கு என்று வாரா வாரம் மாறும். கான்ட்ராக்ட் ஆளுக்கு ஒருநாள் லீவு என்றால் ஒருநாள் கூலி போச்சு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ.க்கு உரியவர், சம்பளத்தில் 0.75 சதவீதம் அவரும் 3.25 சதவீதம் நிர்வாகமும் கட்டுகிறார்கள். மனைவி மக்களுக்கும் அதில் மருத்துவம் உண்டு. ஆனால் இ.எஸ்.ஐ. என்றால் காய்ச்சலுக்கும் கை நசுங்கியதற்கும் என்றுதான் தொழிலாளியும் நினைக்கிறார், சங்கங்களும் நினைக்கின்றன. பிள்ளையின் பேச்சுப் பயிற்சியை இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் வாரம் ஒருநாள் கேட்டு வாங்குவது போனஸ் பேச்சுவார்த்தையைவிடச் சிறிய கோரிக்கை.

தொழிற்பேட்டை என்பதால் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி ஈயம். சென்னையில் 3 முதல் 7 வயது வரையுள்ள 756 பள்ளிக் குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்து அனன்யா ராயும் சக ஆய்வாளர்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், சராசரி ஈய அளவு டெசிலிட்டருக்கு 11.4 மைக்ரோகிராம். ஈயம் கூடுதலாக இருந்த பிள்ளைகளிடம் பதற்றமும் கவனக்குறைவும் கூடுதலாக இருந்ததாக ஆசிரியர்களின் மதிப்பீடு காட்டியது. 5 மைக்ரோகிராம் தொட்டாலே ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டுதல். பழைய பேட்டரி, ஈயம், உலோகக் கழிவு ஆகியவற்றைக் கையாளும் வேலையில் தூசி ஆலைக்குள்ளேயே நிற்காது. சட்டையோடும் செருப்போடும் வீட்டுக்கு வரும். தரையில் தவழும் பிள்ளையின் கைக்கும் வாய்க்கும் போகும். இதனால்தான் இந்தப் பிள்ளை பேசவில்லை என்று எந்த ஒரு பிள்ளையையும் காட்டிச் சொல்லிவிட முடியாது. ஆனால் ஆர்.பி.எஸ்.கே. தேடும் 30 நிலைகளில் ஈய நச்சு இல்லை. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில் தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் 57.4 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. இரும்புச்சத்து குறைந்த உடல் ஈயத்தைக் கூடுதலாக உறிஞ்சும். தாமதத்துக்காக மருத்துவரிடம் வரும் உலோகத் தொழிலாளியின் பிள்ளைக்கு ஹீமோகுளோபினோடு ஈயத்தையும் சேர்த்துப் பார்ப்பது பெரிய செலவல்ல. வீட்டுக்கு வந்ததும் சட்டையை வாசலில் கழற்றிக் குளித்துவிட்டுப் பிள்ளையைத் தூக்குவதற்குச் செலவே இல்லை.

உலக வங்கி 2022இல் 162 மில்லியன் டாலர் கடனுக்கு ஒப்புதல் தந்த ‘தமிழ்நாடு உரிமைகள்’ திட்டத்தின்கீழ், ‘விழுதுகள்’ என்ற பெயரில் ஒருங்கிணைந்த சேவை மையங்களை மாநில அரசு திறந்துவருகிறது. மாவட்டத் தலைநகரோடு நிற்காமல் கோட்டம், வட்டாரம் வரை இறங்கி, வீட்டுக்கே முன்களப் பணியாளரை அனுப்ப வேண்டும் என்பது அதன் வடிவமைப்பு. கோட்டம் என்றால் கும்மிடிப்பூண்டி வட்டத்துக்கு அது பொன்னேரி. ரயிலில் இரண்டாவது நிலையம். வட்டார வள மையங்களில் பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவின் சிறப்புப் பயிற்றுநர்களும் இயன்முறை மருத்துவர்களும் ஏற்கெனவே இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இயன்முறை மருத்துவரை வீட்டு வாசல்வரை கொண்டுவந்திருக்கிறது, பெரும்பாலும் பக்கவாதம் வந்த பெரியவர்களுக்காக. ஆட்கள் வெவ்வேறு துறைகளின் பதிவேடுகளில் பிரிந்து கிடக்கிறார்கள், அவ்வளவுதான். பொன்னேரியில் ஒரு பேச்சு வல்லுநர் வாரம் மூன்று நாள் உட்கார்ந்தால், அதில் ஒருநாள் ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால், மீதி நாள்களில் அவர் அங்கன்வாடி அங்கன்வாடியாகப் போய்த் தாய்மார்களைப் பழக்கினால், சான்றிதழ் கேட்காமல் மருத்துவர் சீட்டை மட்டும் வைத்துப் பிள்ளையைச் சேர்த்துக்கொண்டால், இந்தப் பக்கத்துப் பிள்ளைகளில் பலர் திருவள்ளூருக்கோ, நகரைக் குறுக்கே கடந்து முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்கும் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்துக்கோ முதல் மதிப்பீட்டுக்கும் பிறகு எப்போதாவது மறுமதிப்பீட்டுக்கும் மட்டும் போனால் போதும். ஞாயிற்றுக்கிழமை என்று குறிப்பிட்டுச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வார நாளில் வைத்தால் அம்மா மட்டும் வருவார். ஐந்து எண்ணும்வரை பொறுக்க அப்பாவும் கற்றுக்கொள்ள வேண்டும்.